யாழ்ப்பாணக் கரையோரத்தில் இருவருக்கு இரண்டு நாட்கள்: படமும் சாப்பாடும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் யாழ்ப்பாண நகரில் குடியிருப்பவர்கள். கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற உறவினரும் நண்பர்களும் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இருவராக வருகிறோம், இரண்டு நாட்கள் இருக்கின்றன, கடற்கரையோரமாகப் போய்ப் படம் எடுக்க வேண்டும், நல்ல சாப்பாடும் வேண்டும், எங்கே போவது?" நான் படம் எடுப்பவள், என் கணவர் மீன் தெரிந்து வாங்கிச் சமைப்பவர். இந்தக் கரையோர வீதிகளில் நாங்கள் இருவரும் பல ஆண்டுகளாக ஒரே ஸ்கூட்டரில் திரிந்து அறிந்துகொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன்.

இரண்டு நாட்களில் குடாநாட்டின் கரையோரம் முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். வரைபடத்தைப் பார்க்கும்போது கடலை ஒட்டியே ஒரு சுற்று வந்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் தொண்டைமானாற்றுக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பலாலி விமான நிலையமும் அதைச் சூழ்ந்த பாதுகாப்பு வலயமும் இருப்பதால், அந்தப் பகுதியில் கரையோர வீதியை நம்பிப் பயணத்தை அமைக்க முடியாது. உட்பக்கமாகச் சுற்றித்தான் வர வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒளி. படம் எடுக்க வருபவர் ஓரிடத்தில் ஒளி கனியும்வரை இருந்து பார்க்க வேண்டும். பத்து இடங்களில் இறங்கி ஏறியவர்களின் படங்களில் எல்லா இடமும் ஒரே வெயிலில் ஒரே மாதிரி இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆகவே பயணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மேற்கே: பண்ணைப் பாலம், வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், பொன்னாலை என்று சுமார் 60 கிலோமீற்றர். மறுநாள் கிழக்கே: மணற்காடு, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு என்று 100 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடக் குறைய. இரண்டுக்கும் யாழ்ப்பாண நகரிலேயே தங்கலாம்.

எந்த மாதம் வருவது நல்லது?

தை தொடங்கிச் சித்திரைவரை, அதாவது ஜனவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல்வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். ஆனால் மழை விட்ட மறுநாள் வானத்தில் நிற்கும் முகிலை வேறெந்த மாதத்திலும் காண முடியாது என்பதால், நனைவதற்கு அஞ்சாதவர்கள் மார்கழியிலும் வரலாம். வாடைக் காற்று அடிக்கும் காலத்தில், குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சியில் கடல் கொந்தளிக்கும், நீரேரிப் பக்கம் அமைதியாக இருக்கும். வைகாசிக்குப் பிறகு சோழகம் எனப்படும் தென்மேற்குக் காற்று எழும்பினால் நிலைமை மாறும்: மேற்குக் கரையில் அலையும் தூசியும் மிகும், வடமராட்சியில் கடல் தணியும்.

தைப்பொங்கலன்று இங்கே இருக்க முடிந்தால் பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போய்விடுங்கள். அங்கே நடக்கும் பட்டத் திருவிழாவில் பறக்கும் பட்டங்கள் ஒவ்வொன்றும் மாதக்கணக்கான கைவேலை. பறவையாகவும் பாம்பாகவும் கப்பலாகவும் கட்டப்பட்டவை அவை. பட்டம் மேலே போன பிறகு எடுக்கும் படத்தைவிட, நாலைந்து இளைஞர்கள் அதைத் தூக்கிப் பிடித்து விடுகிற கணத்தில் எடுக்கும் படமே மனத்தில் நிற்கும்.

ஒருவருக்குப் படம் வேண்டும், மற்றவருக்குச் சாப்பாடு வேண்டும். யாருக்காக யார் காத்திருப்பது?

எங்கள் வீட்டிலும் முன்னர் இந்தக் கேள்வி இருந்தது. கரையோரத் தொழிலாளரின் நேரத்தைப் பின்பற்றத் தொடங்கியதும் அது தானாகவே தீர்ந்துவிட்டது. இரவு கடலுக்குப் போன வள்ளங்கள் கரைக்கு வருவது விடியற்காலையில். நல்ல ஒளி இருப்பதும் அப்போதுதான். படம் எடுப்பவரும் மீன் தேடுபவரும் அந்த நேரத்தில் ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும்.

நகரை விட்டு வெளியேறாமலே இதைப் பார்க்க விரும்பினால் காலை ஆறு மணிக்குப் பாசையூருக்குப் போங்கள். நண்டு வலைகளை அப்படியே கரைக்குக் கொண்டுவந்து, பந்தலின் கீழ் விரித்து, குடும்பமாக இருந்து நண்டு கழற்றுவார்கள். ஒரு நண்டின் காலிலும் கொடுக்கிலும் சுற்றிய நூலை விரல் நுனியால் ஒவ்வொன்றாக விலக்கி, கால் முறியாமல் எடுக்க வேண்டும். கால் முறிந்தால் விலை குறையும். அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா, எங்களுடன் கதைத்துக்கொண்டே, கையைப் பார்க்காமல் அதைச் செய்துகொண்டிருந்தார். நீலப் புள்ளி போட்ட ஓட்டின் மேல் சாய்ந்து விழுந்த காலை வெயிலையும் அந்த விரல்களையும் எடுத்த படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அன்று மதியம் சமைத்ததும் அவரிடம் வாங்கிய நண்டைத்தான்.

காலை ஒன்பதரைக்குப் பின் ஒளி தட்டையாகிவிடும். அதிலிருந்து பின்னேரம் மூன்றரைவரை கமெராவைப் பையில் வைத்துவிடுங்கள். அது சாப்பிடவும் நிழலில் படுக்கவும் உரிய நேரம். பிறகு சூரியன் மறையும்வரை மீண்டும் படம் எடுப்பவரின் நேரம். சூரியன் மறைவது கார்த்திகையில் மாலை 5.45 அளவிலும், ஆனி, ஆடியில் 6.30 அளவிலும் ஆகும்.

மேற்குப் பாதையில் எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் போவது?

பாசையூரில் காலையை முடித்துக்கொண்டு கோட்டைக்கு வாருங்கள். 1618 அளவில் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவில் பெருப்பித்த இந்தக் கோட்டையில், மதிலின் மேல் ஏறி நின்றால் பண்ணைப் பாலம் நீரேரிக்குள் நீண்டு போவது தெரியும். அங்கே அரை மணித்தியாலம் போதும்.

பண்ணைப் பாலத்தில் நின்று நிதானமாகப் படம் எடுங்கள். வீதியின் இருபுறமும் ஆழமற்ற நீரில் கம்புகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருப்பார்கள். இதைக் களங்கண்ணி என்போம். நீர் அசையாத காலையில் அந்தக் கம்புகளும் அவற்றின் நிழலும் சேர்ந்து எழுத்து வரி போலத் தெரியும். முக்காலியும் ஒளியைக் குறைக்கும் வடிகட்டியும் கொண்டுவந்தவர்கள் முப்பது விநாடி திறந்து வைத்தால் நீர் கண்ணாடியாகிவிடும். கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் வானத்தின் மேல் விரலை அழுத்தி ஒளியைப் பூட்டிக்கொண்டு எடுத்தாலே போதுமானது. வாகனங்கள் வேகமாக வரும் வீதி அது. வண்டியை ஓரமாக விட்டு, ஒருவர் படம் எடுக்கும்போது மற்றவர் வீதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலணையில் சாட்டிக் கடற்கரை குளிப்பதற்கு நல்லது. படத்துக்கென்று அங்கே மதியத்தில் நிற்கத் தேவையில்லை. அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் வழியில் வீதியோரப் பனங்கூடல்களும், கூரை போன பழைய நாற்சார் வீடுகளும் வரும். அந்த வீடுகளை ஆளில்லாத இடம் என்று நினைத்து உள்ளே நுழைந்துவிடாதீர்கள். போரில் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் அவை. பலவற்றுக்குச் சொந்தக்காரர் அயலிலேயே இருக்கிறார்.

ஊர்காவற்றுறை ஒரு காலத்தில் யானைகள் கப்பலேறிய துறை. இன்று அதன் இறங்குதுறையில் நிற்கும்போது, எதிரே காரைநகர்க் கரையும், இரண்டுக்கும் நடுவே நீரில் மிதப்பது போன்ற கடற்கோட்டையும் தெரியும். அங்கிருந்து காரைநகருக்குப் 'பாதை' எனப்படும் மிதவைப் படகு ஓடுகிறது. மோட்டார் சைக்கிளையும் அதில் ஏற்றலாம். சில நிமிடப் பயணந்தான், ஆனால் கடற்கோட்டையை நீர் மட்டத்திலிருந்து எடுக்கக் கிடைக்கும் சந்தர்ப்பம் அது. லென்ஸை முதலே மாட்டி, பாதையின் கோட்டைப் பக்க ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

காரைநகரில் கசூரினாக் கடற்கரை எல்லோரும் அறிந்ததே. சவுக்கு மரங்களின் நிழலும், நெடுந்தூரம் நடந்து போனாலும் இடுப்பளவுக்கு மேற்படாத கடலும் பின்னேரத்தில் இருவருக்கு இனிமையானவை. விடுமுறை நாட்களில் கூட்டம் மிகும். ஆயினும் சூரியன் மறைவதை அங்கே பார்க்காமல், ஐந்து மணிக்கே புறப்பட்டுப் பொன்னாலைப் பாலத்துக்கு வந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கசூரினா வடக்குப் பார்த்த கரை. சூரியன் பக்கவாட்டில் ஒதுங்கி மறையும். பொன்னாலைப் பாலத்திலோ இருபுறமும் நீர், மேற்கே தடையில்லாத வானம். முழங்காலளவு நீரில் வீச்சுவலையுடன் நடந்து போகும் ஒருவரின் கரிய உருவம் அந்தச் சிவப்பில் கிடைத்துவிட்டால் அந்த நாளுக்கு வேறெதுவும் தேவையில்லை.

பாதைப் படகு ஓடாவிட்டால் என்ன செய்வது?

காற்றுப் பலமான நாட்களிலும் திருத்த வேலை நடக்கும்போதும் அது நிற்பதுண்டு. ஒருமுறை நாங்கள் விசாரிக்காமல் போய்த் துறையில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்துவிட்டு, வந்த வழியே யாழ்ப்பாணம் திரும்பி, வட்டுக்கோட்டை வழியாகக் காரைநகருக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. புறப்படுமுன் தங்குமிடத்தாரிடம் சொல்லி ஊர்காவற்றுறையில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். ஓடவில்லையென்றால் அன்று வேலணையோடு நிறுத்தி, மாலையில் பண்ணைக்கே திரும்பிவிடலாம். பண்ணையிலும் சூரியன் நீரேரிக்குள்தான் மறைகிறது.

கிழக்குப் பாதைக்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

அதிகாலை நாலரைக்கு. சிரமமாகத்தான் இருக்கும், ஆனால் மணற்காட்டுக்கு விடியுமுன் போய்ச் சேராவிட்டால் கிழக்குப் பாதையின் பாதி போய்விடும். நகரிலிருந்து நெல்லியடி வழியாகப் பருத்தித்துறை 33 கிலோமீற்றர் அளவு; அங்கிருந்து வல்லிபுரம் தாண்டித் தென்கிழக்கே போனால் மணற்காடு.

மணற்காட்டில் கடலிலிருந்து அடித்து வந்த வெண்மணல் மேடுமேடாகக் குவிந்திருக்கிறது. வடகிழக்குப் பார்த்த கரையாதலால் எந்த மாதத்திலும் சூரியன் கடலிலிருந்தே எழும். எல்லோரும் கடலைப் பார்த்து நிற்கும் அந்த நேரத்தில் நீங்கள் பக்கவாட்டில் திரும்பி மணலைப் பாருங்கள். காற்று இரவில் வரைந்த வரிகளுக்கு நிழல் விழுவது சூரியன் எழுந்த முதல் அரை மணித்தியாலத்தில் மட்டுந்தான். நண்டு ஓடிய தடமும் ஆளின் காலடியும் அந்த ஒளியில் செதுக்கியது போலத் தெரியும். ஆகவே எங்கே நடப்பது என்பதை இருவரும் முதலில் பேசிவைத்துக்கொள்ளுங்கள். மிதித்த மணலை மீண்டும் பெற முடியாது. மணல் மூடிப் பாதி புதைந்த பழைய அந்தோனியார் ஆலயத்தின் சுவர்களும் அங்கே உண்டு.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்களை அடியோடு அழித்தது. அந்தக் கரையில் குடும்பத்தில் ஒருவரையேனும் இழக்காத வீடுகள் குறைவு. திருமணப் படத்துக்கு வருகிற சோடிகள் கல்லறைகளின் அருகிலும் இடிந்த சுவர்களின் மேலும் ஏறி நின்று எடுத்துக்கொள்வதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள்.

மணற்காட்டிலிருந்து திரும்பும் வழியில் வல்லிபுர ஆழ்வார் கோயில். ஞாயிற்றுக்கிழமைகளில் அடியார் கூட்டம் அதிகம். மற்ற நாட்களில் காலை அமைதியில் மணல் நடுவே நிற்கும் கோபுரத்தை வெளியிலிருந்து எடுக்கலாம். பின்னர் பருத்தித்துறையில் காலைச் சாப்பாடு. அங்கிருந்து வல்வெட்டித்துறைக்குப் போகும் கரையோர வீதியே இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் விருப்பமான துண்டு. வீதிக்கும் கடலுக்கும் இடையே பல இடங்களில் ஒரு மதிலளவு தூரமே உண்டு. முருகைக்கல் பார் அலையை வெளியிலேயே தடுத்துவிடுவதால் உள்ளே நீர் இளம்பச்சையாகக் கிடக்கும். ஒவ்வொரு ஒழுங்கை முடிவிலும் இரண்டு மூன்று வள்ளங்கள் இழுத்து ஏற்றப்பட்டிருக்கும். அவற்றின் பக்கத்தில் எழுதிய பெயர்களை மட்டும் எடுத்தாலே ஒரு தொகுப்பு ஆகிவிடும். இலங்கையின் வடமுனையான சக்கோட்டையும் பருத்தித்துறையின் பக்கத்தில்தான் இருக்கிறது.

மதியத்துக்குத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி. ஆற்றங்கரையில் இருக்கும் இந்த முருகனை அன்னதானக் கந்தன் என்றே அழைப்பார்கள். கோயிலைச் சூழ்ந்த மடங்களில் வந்தவர் எவரானாலும் இருத்திச் சோறு போடுவார்கள். மரக்கறி, பருப்பு, சொதி, வடை என்று இலையில் விழும் அந்தச் சோற்றுக்கு விலை இல்லை. உண்டியலில் உங்களால் இயன்றதைப் போடலாம். இரண்டு நாள் நண்டும் இறாலுமாகச் சாப்பிட்ட வயிற்றுக்கு அது பெரிய ஆறுதல். திரும்பும்போது அச்சுவேலி வழியாக வந்தால் நிலாவரைக் கிணற்றையும் பார்த்துவிடலாம். மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீருமாக இருக்கும் கிணறு அது.

நெடுந்தீவையும் நயினாதீவையும் இதற்குள் சேர்க்க முடியுமா?

நயினாதீவு முடியும். குறிகாட்டுவானிலிருந்து படகில் இருபது நிமிட அளவு. நாகபூசணி அம்மன் கோயிலையும் நாகவிகாரையையும் தரிசித்துவிட்டு மதியத்துக்குள் திரும்பலாம். அதைச் செய்தால் காரைநகரைக் கைவிட வேண்டியிருக்கும். நெடுந்தீவுக்கு மூன்றாவது நாள் ஒன்றை ஒதுக்குங்கள். படகில் ஒரு மணித்தியாலம் போய், மட்டக் குதிரைகளையும் முருகைக்கல் வேலிகளையும் பெருக்க மரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையின் எச்சத்தையும் அவசரமாகப் பார்த்துவிட்டு வருவது அந்தத் தீவுக்கு நியாயமாகாது. கடைசிப் படகின் நேரத்தை இறங்கியதுமே கேட்டுவையுங்கள்.

கீரிமலை?

கடலுக்கு ஒரு மதில் இடைவெளியில் நன்னீர் ஊறும் கேணி அது. குளிக்கப் போங்கள், கமெராவை விட்டுவிட்டுப் போங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. மக்கள் குளிக்கும் இடம், பிதிர்க்கடன் செய்யும் இடம். நகுலேஸ்வரத்தின் கோபுரத்தை வீதியிலிருந்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒடியற்கூழ் எங்கே நன்றாக இருக்கும்?

கூழ் இருவருக்கென்று காய்ச்சும் உணவு அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பானையில், பத்துப் பேருக்குக் குறையாமல், பின்னேரம் முற்றத்தில் காய்ச்சுவது. பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் ஒரு கசப்பு உண்டு. அதனால் மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றி, மறுபடியும் நீர் விட்டுக் கசப்பை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இதைக் குறைத்த கூழ் தொண்டையில் காறும்.

பானையில் முதலில் ஒரு கை அரிசி, பயிற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை. அவை வெந்து வரும்போது மீன் தலை, நண்டு, இறால், கணவாய். செத்தல் மிளகாயை மஞ்சளோடு அரைத்துக் கரைத்து, புளியும் விட்டு, கடைசியில் ஒடியல் மாக் கரைசலை ஊற்றித் துழாவ வேண்டும். மாவை ஊற்றிய பிறகு அகப்பையைக் கையிலிருந்து வைக்கக் கூடாது. அடிப்பிடித்தால் பானை முழுவதும் மணக்கும். என் கணவர் இறக்குமுன் முருங்கையிலை போடுவார், அவருடைய அம்மா போடமாட்டார். இரண்டு விதமும் சுவைதான். கோலிய பலாவிலையாலோ பனையோலைப் பிளாவிலோ சுடச்சுடக் குடிக்க வேண்டும். மூக்கில் நீர் வரும், நெற்றி வியர்க்கும், ஆனாலும் நிறுத்த மனம் வராது.

நகரில் சில சாப்பாட்டுக்கடைகளில் குறித்த நாட்களில் கூழ் கிடைக்கும். முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவையுங்கள். அதைவிடச் சிறந்த வழி, வீட்டோடு சேர்ந்த தங்குமிடத்தில் தங்கி, அந்த வீட்டு அக்காவிடம் முதல் நாளே சொல்லி, பொருட்செலவை நீங்கள் ஏற்று, அவர்களோடு சேர்ந்து முற்றத்தில் இருந்து குடிப்பது. அடுப்புப் புகையில் மாலை வெயில் விழும்போது கமெராவை எடுக்க மறவாதீர்கள். அதற்கு அனுமதி கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

நண்டும் மீனும் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நண்டைக் கையில் தூக்கிப் பார்த்தால் பாரமாக இருக்க வேண்டும்; பெரிதாக இருந்து பாரமில்லையென்றால் உள்ளே தசை இல்லை. கடையில் நண்டுக்கறி கேட்டால், எத்தனை நண்டு, என்ன நிறை, என்ன விலை என்பதைச் சமைக்குமுன் கேட்டுக்கொள்வது வழக்கம், அதில் யாரும் குறை நினைக்கமாட்டார்கள். மீனில் விளைமீன், பாரை, ஒட்டி, அறக்குளா ஆகியவற்றைக் கேளுங்கள். சுறாவைத் தேங்காய்ப்பூவோடு கிளறிச் செய்யும் சுறா வறை கிடைத்தால் விடாதீர்கள். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் முதல்நாள் மீன் குழம்பு சேர்ந்தால் அதுவே தனிச் சுவை.

சனி, ஞாயிறு வருபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கத்தோலிக்கக் கரையோரக் கிராமங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமையில் சைவ வீடுகள் பலவற்றில் மச்சம் சமைப்பதில்லை. மீனை நாடி வருபவர்களுக்குச் செவ்வாய் முதல் வியாழன் வரை நல்ல நாட்கள்.

நாங்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள். எங்களுக்கு என்ன?

யாழ்ப்பாணத்தில் அது ஒரு குறையே அல்ல. நகரில் மலாயன் கபே போன்ற பழைய சைவ உணவகங்களில் இன்றும் நல்ல தோசையும் வடையும் கிடைக்கும். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும் காலத்தில் வந்தால் பனங்காய்ப் பணியாரம். வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பிட்டும். மாலையில் நல்லூரில் ஐஸ்கிறீம் சாப்பிடாமல் ஊர் திரும்புபவர் இல்லை.

காரா, ஸ்கூட்டரா, ஓட்டோவா?

மேற்குப் பாதைக்கு ஸ்கூட்டர் மிகவும் வசதி. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பாதைப் படகிலும் ஏற்றலாம். இருவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இருந்தால் போதாது, உள்ளூர் அங்கீகாரம் பெற வேண்டும். கிழக்குப் பாதைக்கு இருட்டில் புறப்பட வேண்டியிருப்பதால், சாரதியோடு ஒரு கார் பிடிப்பதே நல்லது. வீதியில் மாடும் நாயும் படுத்திருக்கும். விடியுமுன் அவற்றைக் காண்பது கடினம். எந்த வண்டியானாலும் மணற்காட்டில் தார் வீதியை விட்டு மணலுக்குள் இறக்காதீர்கள்.

படம் எடுக்கக் கூடாத இடங்கள் எவை? ட்ரோன் பறக்கவிடலாமா?

இராணுவ, கடற்படை முகாம்கள், காவலரண்கள், பலாலி விமான நிலையச் சூழல், காங்கேசன்துறைத் துறைமுகம் ஆகியவற்றை எடுக்காதீர்கள். கரையோரத்தில் முகாம்கள் பல இடங்களில் இருப்பதால், கமெராவை உயர்த்துமுன் சட்டகத்தில் என்ன வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தேவை. இரண்டு நாள் பயணத்துக்கு அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது மேல்.

நாகர்கோவில், முகமாலைப் பக்கம் போகிறவர்கள் மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த, நடக்கிற நிலம் அது.

மீனவர்களைப் படம் எடுத்தால் கோபிப்பார்களா?

கேட்காமல் எடுத்தால் யாரும் விரும்பமாட்டார்கள். "ஐயா, ஒரு படம் எடுக்கலாமோ?" என்று கேட்டுவிட்டுச் சற்று நின்று, என்ன மீன் பட்டது, காற்று எப்படி என்று கதைத்தபின் எடுத்தால், அவர்களே வலையை உயர்த்திக் காட்டுவார்கள். இந்தியப் பெரும் இழுவைப் படகுகளால் வலை அறுந்து நட்டப்பட்டவர்கள் பலர் இந்தக் கரையில் உண்டு. அதைப் பற்றி அவர்கள் சொல்லத் தொடங்கினால் கமெராவை இறக்கிவைத்துக் கேளுங்கள். எடுத்த படத்தை வைபரிலோ வட்ஸ்அப்பிலோ அன்றே அனுப்பிவிடுங்கள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர் என்று பாசையூரில் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

பூநாரைகளைப் பார்க்க முடியுமா?

மழைக்குப் பின், தை, மாசி மாதங்களில் நீரேரிகளின் ஆழங்குறைந்த பகுதிகளில் கூட்டமாக நிற்பதைக் காணலாம். மண்டைதீவுப் பக்கமும் அராலிப் பக்கமும் பார்த்துக்கொண்டு போங்கள். வீதியிலிருந்தே எடுங்கள். கிட்டப் போனால் பறக்கும், பறந்தால் அன்றைய மேய்ச்சல் கெடும். பறக்கும் படத்துக்காகக் கல்லெறிந்தவர்களையும் கண்டிருக்கிறேன். அப்படி எடுத்த படத்தை நான் படமாகவே மதிப்பதில்லை.

உப்புக்காற்றும் மணலும் கமெராவைக் கெடுக்குமா?

கெடுக்கும். சோழகக் காற்று வீசிய ஒரு மாலையில் மணற்காட்டில் லென்ஸைக் கழற்றி மாற்றினேன். உள்ளே போன மணல் குவிய வளையத்தில் கரகரவென்று உரசத் தொடங்கி, கடைசியில் அந்த லென்ஸைத் திருத்தக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதன்பிறகு கடற்கரையில் லென்ஸ் மாற்றுவதே இல்லை. ஒரே லென்ஸோடு போகிறேன். மாலையில் அறைக்கு வந்ததும் நன்னீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கமெராவின் வெளிப்புறத்தையும் முக்காலியின் கால்களையும் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் ஒற்றி எடுங்கள். நண்டு சாப்பிட்ட கையைத் தேசிக்காய் தேய்த்துக் கழுவிய பின்னரே கமெராவைத் தொடுங்கள்.

திரும்பும்போது என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

பருத்தித்துறை வடை முதலாவது. உழுந்தும் கோதுமை மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து, மெல்லியதாகத் தட்டி, மொறுமொறுவெனப் பொரித்த தட்டை வடை அது. காற்றுப் புகாமல் கட்டினால் ஒரு கிழமைக்கு மேல் கெடாது. அடுத்து ஓலைக் குட்டானில் கட்டிய பனங்கட்டி, புழுக்கொடியல், பனாட்டு, யாழ்ப்பாணக் கறித்தூள். ஒடியல் மாவும் வாங்கலாம், ஆனால் கசப்பெடுக்கும் முறையைக் கடைக்கார அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பனங்கட்டியைக் கமெராப் பைக்குள் வைக்க வேண்டாம். வெயிலில் இளகி, குட்டானின் பின்னல் வழியே வடிந்துவிடும்.